கணினி முதலில் கேட்கும் மூன்று கேள்விகள்

(மரக்காணம் ஒன்றிய ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



கணினியில் விண்டோஸ் நிறுவும்போது தொடக்கத்திலேயே மூன்று கேள்விகள் வரும். எந்த மொழி? நேரமும் நாணயமும் எந்த நாட்டு முறையில்? எந்த விசைப்பலகை? லினக்ஸ் வகையான டெபியனும் மொழி, நாடு, விசைப்பலகை என்றே கேட்கிறது. பலரும் படிக்காமல் 'நெக்ஸ்ட்' அழுத்திவிடுவார்கள். பெரும்பாலும் அங்கே 'ஆங்கிலம் (அமெரிக்கா)' என்று இருக்கும்.

இதனால் என்ன கெடும்? ஒரு மாணவியின் பிறந்த தேதியை 05/06/2014 என்று எக்செல்லில் பதிகிறோம். நமக்கு அது ஜூன் 5. அமெரிக்க முறையில் மாதம்தான் முதலில் வரும். கணினி அதை மே 6 என்று எடுத்துக்கொள்ளும். 25/06/2014 என்று பதிந்தால், 25ஆம் மாதம் கிடையாதே, அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஆக, மாதத்தின் முதல் 12 நாட்களில் பிறந்த பிள்ளைகளின் தேதிதான் சத்தமில்லாமல் மாறுகிறது. ஓர் அடையாளம் உண்டு: தேதியாக ஏற்றது கட்டத்தின் வலப்பக்கம் நிற்கும், எழுத்தாக விட்டது இடப்பக்கம் நிற்கும்.

பின்னால் அமைப்பை இந்தியாவுக்கு மாற்றினாலும் பழைய பதிவு திருந்தாது. அந்த மே 6, 06-05-2014 என்று ஒழுங்காகவே தெரியும். சேர்க்கைப் பதிவேட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுவதே வழி.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? சான்றிதழில் ஏறிய தேதியைத் திருத்த பெற்றோர் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும். உப்பளத்தில் வேலை செய்பவருக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் கூலி. மழைக்காலத்தில் பாத்திகளில் தண்ணீர் நின்றால் அந்தக் கூலியும் இல்லை. நம் ஒரு நிமிடக் கவனம் அவர்களின் பல நாட்களைக் காக்கும்.

மூன்று கேள்விகளும் தனித்தனி. திரை ஆங்கிலத்தில் இருந்தாலும் நாட்டு முறையை இந்தியா என்று வைக்கலாம். அப்போது நாள் முன்னால் வரும். 1,25,000 என்று லட்சக் கணக்கில் காற்புள்ளி விழும். தமிழைத் தேர்ந்தாலும் நாட்டைப் பாருங்கள்: இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என நான்கு தமிழ் உண்டு, நாணயம் மாறும்.

விசைப்பலகைக்குத் தமிழ்99 இருக்கிறது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி உருவானது. உயிர் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. ஒருங்குறியில் தட்டச்சு செய்தால் வேறு கணினியிலும் பெரும்பாலும் எழுத்து உடையாது.

நாளை பள்ளிக்குப் போனதும் கண்ட்ரோல் பேனலில் 'ரீஜன்' பகுதியைத் திறந்து பாருங்கள். ஐயம் இருந்தால் 2014-06-05 என்று ஆண்டை முன்னால் வைத்துப் பதியுங்கள். இரண்டு முறையிலும் அது ஜூன் 5தான்.