சாக்ஸபோன் கீச்சிடுவது எதனால்?

(நமது குடியிருப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது. வர முடியாதவர்களுக்காக எழுதிக் கொடுக்கும்படி ஆசிரியர் குழு கேட்டதால், பேசியதை ஏறக்குறைய அப்படியே எழுதியிருக்கிறேன்.)



தலைவர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். கொஞ்சம் கூடினால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படித்தது பி.காம். முப்பத்து நான்கு வருடம் வங்கியில் கிளார்க். ஓய்வு பெற்றபின் அறுபத்தோராவது வயதில் சாக்ஸபோன் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். ஐந்து வருடமாகியும் மேடை ஏறும் அளவுக்கு வரவில்லை. ஆனால் இந்த வாத்தியத்தில் என்னென்ன தவறு செய்யலாமோ அத்தனையையும் செய்து பார்த்தவன். அந்தத் தகுதியில்தான் பேசுகிறேன்.

இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாக இருப்பது, 'குடியிருப்புக்குள் ஊதும் வாத்தியங்களுக்குத் தடை'. இது பி பிளாக்கில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பையனுக்காக வந்த தீர்மானம் என்று எல்லோருக்கும் தெரியும். அவன் அப்பா வாத்தியத்தை விற்றுவிடலாம் என்று விலைகூட விசாரித்துவிட்டார்.

பழைய பழக்கம், காகிதத்தைப் பார்க்காமல் எதற்கும் கையெழுத்துப் போட மாட்டேன். செக்யூரிட்டி அறையில் இருக்கும் புகார்ப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். பதினொரு புகார்கள். அதில் ஏழு, 'கீச்சென்று கத்துகிறது', 'வாத்து கத்துவது போல் இருக்கிறது' என்பவை. மூன்று, சத்தம் அதிகம் என்பவை. ஒன்று மட்டும் வேறு மாதிரி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் இதைப் பாருங்கள். பின்வரிசை வரை அனுப்புகிறேன். நுனியை மட்டும் தொடாதீர்கள். இதற்குப் பெயர் ரீட். ஒருவகை நாணல் தட்டையைச் சீவிச் செய்வது. இதற்கென்றே பிரான்சின் தெற்குக் கடற்கரைப் பக்கம், வார் என்ற மாவட்டத்தில் இந்த நாணலை வளர்க்கிறார்கள். அடிப்பக்கம் தடிப்பாக இருக்கும். நுனிக்கு வரவர மெலிந்து, கடைசியில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். சாக்ஸபோன் முழுக்கப் பித்தளையாக இருந்தும் அதை மரக்குழல் வாத்தியங்களோடு சேர்ப்பதற்குக் காரணம் இந்தத் தட்டைதான். பெல்ஜியத்தில் பிறந்த அடால்ஃப் சாக்ஸ் பாரிஸில் 1846ஆம் ஆண்டு காப்புரிமை வாங்கியபோதே அமைப்பு இதுதான்.

நம் நாகஸ்வரத்தின் சீவாளியை நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் நாணல்தான். சீவாளியில் இரண்டு இதழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பிரியும். சாக்ஸபோனில் ஒரே இதழ். அது சேர்ந்து பிரிவது மவுத்பீஸ் என்கிற இந்த ஊதுவாயோடு. மவுத்பீஸின் அடியில் ஜன்னல் போலத் திறப்பு இருக்கிறது. அதன்மேல் ரீட்டை வைத்து ஒரு வளையத்தால் இறுக்குகிறோம். நுனிப் பக்கம் மவுத்பீஸ் லேசாக வளைந்து விலகிப் போகிறது பாருங்கள். ஆல்டோ சாக்ஸபோனில் அந்த நுனி இடைவெளி பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர். நாம் கேட்கும் சத்தமெல்லாம் இந்தச் சந்தில்தான் பிறக்கிறது.

வீட்டில் ஆர்மோனியம் வைத்திருப்பவர்கள், அதிலும் ரீட் உண்டே என்பீர்கள். அது உலோக நாக்கு. ஒவ்வொரு நாக்குக்கும் சொந்தச் சுருதி உண்டு. காற்றுப் பட்டால் அந்தச் சுருதியில்தான் பேசும். சாக்ஸபோன் ரீட் அப்படியல்ல. அதை வங்கி வாசலில் நிற்கும் காவலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டமான நாளில் கதவைக் கொஞ்சம் திறந்து ஒருவரை உள்ளே விடுவார், மூடுவார். உள்ளேயிருந்து மணி அடித்தால் மறுபடி திறப்பார். எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை திறப்பது என்பது மணி அடிப்பவர் கையில் இருக்கிறது.

இங்கே மணி அடிப்பது குழாய்க்குள் இருக்கும் காற்று. நாம் ஊதும்போது வாய்க்குள் அழுத்தம் அதிகம், மவுத்பீஸுக்குள் குறைவு. அந்த வித்தியாசம் ரீட்டை உள்பக்கம் தள்ளிச் சந்தைக் குறுக்குகிறது. உள்ளே போன அழுத்த அலை குழாய் வழியே ஓடி, முதலில் திறந்திருக்கும் துளை வரை போய்த் திரும்பி வருகிறது. திரும்பி வரும் அலைதான் ரீட்டுக்கு எப்போது திறக்க வேண்டும் என்று சொல்கிறது. 440 என்ற சுருதியில் வாசித்தால், ஒரு நொடியில் 440 முறை இந்தக் கதவு திறந்து மூடுகிறது. விரலால் துளைகளை மூட மூட அலை ஓடும் தூரம் கூடும், மணி மெதுவாக அடிக்கும், ஸ்வரம் இறங்கும்.

இனி கீச்சுக்கு வருவோம். ரீட்டுக்கும் சொந்தமாக ஓர் அதிர்வு உண்டு. அது நாம் வாசிக்கும் ஸ்வரங்களைவிட மிக உயரத்தில் இருக்கும். சாதாரணமாக வாசிப்பவரின் கீழ் உதடு ரீட்டை அணைத்து அந்த அதிர்வை அடக்கி வைத்திருக்கும். உதடு சரியாகப் படியாவிட்டாலோ, ரீட் கெட்டுப் போயிருந்தாலோ காவலர் மணியை மதிக்காமல் தன் இஷ்டத்துக்குத் திறந்து மூட ஆரம்பித்துவிடுவார். உங்கள் காதைக் கிழிப்பது அந்தச் சத்தம்தான். வாத்தியத்தில் அப்படியொரு ஸ்வரமே கிடையாது.

தீர்மானம் வந்த மறுநாள் அந்தப் பையனை வீட்டுக்கு வரச் சொன்னேன். "அங்கிள், நான் புக்ல இருக்கற மாதிரிதான் வாசிக்கறேன்" என்று அழாத குறையாகச் சொன்னான். ரீட்டைக் கழற்றிப் பார்த்தேன். நுனியில் ஓர் ஓரம் உடைந்திருந்தது. மீதியும் காய்ந்து, அப்பளம் போல் நெளிந்திருந்தது. எத்தனை நாளாக இதே ரீட் என்றால், ஆறு மாதமாம்! தினமும் ஊதினால் ஒரு ரீட் சில வாரங்கள்தான் உழைக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. பெட்டியில் பார்த்தேன், மூன்றாம் நம்பர். ரீட்டுகளுக்கு இரண்டு, இரண்டரை, மூன்று என்று நம்பர் உண்டு. நம்பர் கூடக்கூட விறைப்பு கூடும். கடையில் 'பெரிய நம்பர் நல்ல நம்பர்' என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் கொடுத்தார்கள்.

மவுத்பீஸ் இணையத்தில் வாங்கியது. நுனிச் சந்து மிக அகலம். அகலச் சந்துக்கு விறைத்த ரீட் போட்டால், அதை அசைக்கப் பெரிய ஆளுக்கே மூச்சு முட்டும். பதினான்கு வயதுப் பையன் என்ன செய்வான்? பல்லை இறுக்கிக் கடிப்பான். கடித்தால் சந்து அடைபட்டு ஸ்வரம் நின்றுபோகும், இல்லையென்றால் கீச்சிடும். ஏழு புகார்களில் பெரும்பகுதியின் மூலம் இதுதான்.

மூன்றாம் மாடி மாமி, சங்கீதம் சொல்லிக்கொடுப்பவர், புகாரில் இன்னொன்று எழுதியிருந்தார். 'கீழ் ஸட்ஜமும் மேல் ஸட்ஜமும் சேரவில்லை.' படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் அது மிகச் சரியான கணிப்பு. சாக்ஸபோன் குழாய் கூம்பு வடிவம். ஐஸ்கிரீம் கோனின் கூர்நுனியைக் கடித்து எறிந்தது போல மேல்முனை வெட்டப்பட்டிருக்கும். வெட்டுப்பட்ட அந்தக் கூர்நுனிக்குள் எவ்வளவு இடம் இருந்திருக்குமோ, ஏறக்குறைய அவ்வளவு இடத்தை மவுத்பீஸின் உட்குழிவு ஈடுகட்ட வேண்டும். அந்தக் கணக்கு டேலி ஆனால்தான் கீழும் மேலும் சேரும். பையனின் சாக்ஸபோன் கழுத்தில் இருக்கும் கார்க் தடித்துப்போய் மவுத்பீஸ் பாதிகூட உள்ளே போகவில்லை. உள்ளே இடம் அதிகமாகிவிட்டது. மேல் ஸ்வரங்களுக்கு ஓடும் குழாய் நீளம் குறைவு. அதனால் இந்தப் பிழை அவற்றைத்தான் அதிகம் தாக்கும், மேல் ஸட்ஜம் இறங்கி நிற்கும். கார்க்கைக் கொஞ்சம் தேய்த்து, கிரீஸ் தடவி, உள்ளே தள்ளினோம். அரை மணி நேர வேலை.

விலை உயர்ந்த வாத்தியம் வாங்கினால் சத்தம் இனிமையாக வருமா என்று அவன் அப்பா கேட்டார். ஜாஸ் மேதை சார்லி பார்க்கர் 1953இல் டொரண்டோவின் மாஸி ஹால் கச்சேரியில் வாசித்தது பிளாஸ்டிக் சாக்ஸபோன். அந்த ஒலிப்பதிவை இன்றும் உலகம் கேட்கிறது. ஆகவே பித்தளையை மாற்ற வேண்டாம். மவுத்பீஸைப் பொறுத்தவரையும், அது உலோகமா எபோனைட்டா என்பதைவிட உள்வடிவம்தான் முக்கியம். உள்ளே மேல்கூரை தாழ்ந்து ரீட்டுக்கு நெருங்கி வந்தால் சத்தம் கூர்மையாகி, கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போகும். உட்குழிவு அகலமாக, உருண்டையாக இருந்தால் ஒலி மெத்தென்று வரும். ஃபிளாட்டுக்கு எது ஏற்றது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

'டூயட்' படத்தில் வந்த சாக்ஸபோன் மட்டும் எப்படி இனிக்கிறது என்று என் மனைவியே கேட்டாள். அதை வாசித்த கத்ரி கோபால்நாத், மங்களூர்ப் பக்கத்தில் நாகஸ்வர வித்வானின் மகனாகப் பிறந்தவர். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு அதன்பால் இழுக்கப்பட்டவர். அவர் வைத்திருந்ததும் ரீட், மவுத்பீஸ், பித்தளைக் குழாய்தான். சாவிகள் வைத்த வாத்தியத்தில் கமகத்தைக் கொண்டு வர வேண்டுமானால், உதடு ரீட்டின்மேல் இழைக்கு இழை அழுத்தத்தை மாற்ற வேண்டும். அதற்கு எத்தனை வருடம் கீச்சிட்டிருக்க வேண்டும் என்று எனக்கு இப்போது தெரிகிறது.

அடுத்து, சத்தம் அதிகம் என்ற புகார்கள். நல்லெண்ணத்தில் ஒருவர், 'வாயில் துணியை அடைத்து ஊதச் சொல்லுங்கள்' என்று எழுதியிருக்கிறார். பையன் அதையும் செய்து பார்த்திருக்கிறான், பாவம், ஒரு துண்டையே திணித்து. சாக்ஸபோனில் இது பலிக்காது. டிரம்பெட்டில் சத்தம் முழுக்க முன்வாய் வழியே வருவதால் அடைப்பான் வைக்கலாம். சாக்ஸபோனில் பெரும்பாலான ஸ்வரங்கள் வழியில் திறந்திருக்கும் துளைகளிலேயே வெளியேறிவிடுகின்றன. எல்லாத் துளைகளையும் மூடி வாசிக்கும் அடி ஸ்வரங்கள்தான் முன்வாய் வரை போகும். துணி அடைத்தால் அவை மட்டும் கெடும், மற்றவை அப்படியே கேட்கும். சத்தத்தைக் குறைக்க வழி, சந்து குறுகிய மவுத்பீஸ், இளகிய ரீட், அப்புறம் கதவும் ஜன்னலும் மூடிய அறை. அலமாரியில் துணிமணி நிறைந்த படுக்கையறை உத்தமம்.

'வாத்து' புகார்களில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மவுத்பீஸை மட்டும் தனியாகக் கழற்றி ஊதுவது ஒரு முக்கியமான பயிற்சி. ஆல்டோவில் அது 880 என்ற ஒரே சுருதியில் அசையாமல் நிற்க வேண்டும். உதடு படிந்துவிட்டதா என்பதை அதில் கண்டுபிடிக்கலாம். கேட்பவர்களுக்கு அது வாத்துதான். புகார்ப் புத்தகத்தில் அப்படி எழுதிய தேதிகளில் இரண்டு, அந்தக் குடும்பம் ஊரிலேயே இல்லாத நாட்கள். அன்று ஊதியது நான். பழி பையன்மேல் விழுந்துவிட்டது. அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், உங்களிடமும் கேட்கிறேன்.

கடைசிப் புகார். அவன் வீட்டுக்கு நேர் கீழே இருப்பவர் செவிலியர். இரவுப் பணி முடித்துக் காலையில் வந்து மாலை வரை தூங்க வேண்டியவர். 'நல்லாவே வாசிச்சாலும் எனக்குத் தூக்கம் போயிடும்' என்று எழுதியிருக்கிறார். அவருக்கு ரீட் கணக்கு எதுவும் பதிலாகாது. எந்த மவுத்பீஸாலும் அதைத் தீர்க்க முடியாது. பையனின் அம்மா அவரைப் போய்ப் பார்த்து, இரவுப் பணி வாரங்களின் அட்டவணையை வாங்கிக் குளிர்பெட்டிமேல் ஒட்டியிருக்கிறார். அந்த வாரங்களில் மாலை 5:30 முதல் 6:15 வரை இந்தக் கிளப் ஹவுஸ் பின்னறையைக் கொடுக்கலாமா என்பதுதான் நான் குழுவிடம் கேட்பது. நானும் அங்கேயே வந்துவிடுகிறேன். தடைத் தீர்மானத்தை இப்படியே எழுதினால், ஏ பிளாக்கில் புல்லாங்குழல் கற்கும் குழந்தையும் கிரகப்பிரவேச நாகஸ்வரமும் அதற்குள் வந்துவிடும் என்பதையும் கவனியுங்கள்.

இனி நான் பேசினால் தலைவர் மணி அடிப்பார். பையன் வந்திருக்கிறான். இப்போது அவன் கையில் இருப்பது இரண்டாம் நம்பர் ரீட், குறுகிய மவுத்பீஸ். நான்கு ரீட்டுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, எது எந்தத் தேதியில் என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறான். லெட்ஜர் போடக் கற்றுக்கொடுத்தது நான்தான். முதலில் பழைய உடைந்த ரீட்டில் நான்கு ஸ்வரம் வாசிப்பான், காதைப் பொத்திக்கொள்ளலாம். பிறகு புது ரீட்டில் அதே நான்கு ஸ்வரம். அதன்பின் ஏழாவது தீர்மானத்தை எடுத்துக்கொள்வோம்.

வாப்பா, ரீட்டை நனைத்துவிட்டாயா?