காதும் நினைவும்

காரவள்ளியிலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலை மேல் சென்றால், அங்கே 14 நாடுகள். நாடு என்பது அங்கு ஊர்களின் தொகுதி. அவற்றுள் ஒன்றான பைல் நாட்டில் ஒரு மூதாட்டி, கேட்டதற்கு வேறொன்று விடையிறுக்கிறாள். அடுப்பில் வைத்ததை மறந்துவிடுகிறாள் என்று கொள்வோம். காதில் ஊசி குத்தினால் நினைவு திரும்பும் என யாரோ சொல்ல, மகன் கடன் வாங்கிக்கொண்டு மலையிறங்க நினைக்கிறான். அவன் இறங்குமுன் சில சொற்கள்.

நேயர்களே, காதைத் தொட்டால் அறிவு துலங்கும் என்பது நமக்குப் பழகிய எண்ணந்தான். தோப்புக்கரணம் போடாத பிள்ளை ஏது? ஆனால் காதூசி மருத்துவம் இன்று வழங்கும் வடிவம் அத்துணைப் பழமையுடையதன்று. பிரான்சில் லியோன் நகரத்து மருத்துவர் பால் நோழியே, இடுப்புவலி நீங்கிய சிலரது காதில் சிறு சூட்டுத் தழும்பைக் கண்டு வியந்தார். காதினைத் தலைகீழாய்க் கிடக்கும் கருவாக உருவகித்து, 1957-இல் ஒரு வரைபடம் வெளியிட்டார். அதில் தலைக்குரிய இடம், நாம் கடுக்கன் அணியும் காதுமடலின் அடிப்பகுதி!

படம் அழகியதுதான். மறதிநோயை அது தீர்க்குமா? இரத்தக்குழாய்க் கோளாற்றால் வரும் மறதிநோய்க்கு ஊசி மருத்துவம் உதவுமா என 2007-இல் காக்ரேன் ஆய்வுக் குழுவினர் தேடியபோது, ஏற்கத்தக்க சோதனை ஒன்றுகூட அகப்படவில்லை. கடன் வாங்குமளவுக்கு அதில் உறுதி இல்லை என்பதே என் கருத்து.

ஆயினும் காதுக்கும் நினைவுக்கும் உறவு உண்டு. அது ஊசிமுனையில் இல்லை, கேட்கும் ஆற்றலில் இருக்கிறது. தவிர்க்கக்கூடிய காரணங்கள் பதினான்கனுள் செவிமந்தத்தையும் 2024-இல் லான்செட் ஆணையம் எண்ணியது. இரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் அப்பட்டியலில் உண்டு. அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரிடம் மூன்றாண்டு நடந்து, 2023-இல் வெளியான ஆய்வில், அனைவரையும் சேர்த்து நோக்கினால் காதுக்கருவியால் பயன் தோன்றவில்லை. ஆனால் நோய்க்கு எளிதில் ஆளாகக்கூடியவர்களிடம் அறிவுத்தேய்வு 48 விழுக்காடு குறைந்திருந்தது.

ஆகவே அம்மகன் முதலில் தாயின் எதிரே அமர்ந்து, முகம் பார்த்து, நிதானமாகப் பேசிப் பார்க்கட்டும். அப்போது சரியான விடை வந்தால், அவள் மறந்தவள் அல்லள், கேளாதவள். காதில் குறும்பி அடைத்திருந்தால் மருத்துவர் எளிதில் எடுத்துவிடுவார்; குச்சி விட்டுக் குடைய வேண்டாம். அடுப்பை மறப்பதற்கோ தனியே சோதனை வேண்டும். அதற்காக மலையிறங்குவது வீண் பயணம் ஆகாது.