லோரியான் துறைமுகத்தில் ஒரு குடை

காசிமேட்டில் விடிகாலை மீன் ஏலம் நடக்கும்போது, கூட்டத்தை விட்டுச் சற்றுத் தள்ளி நின்று தண்ணீரைப் பார்த்திருக்கிறீர்களா? விசைப்படகுகளின் பச்சையும் நீலமும் அலையில் உடைந்து நெளியும். கண் சிமிட்டுவதற்குள் நிறம் மாறிவிடும். அப்படி மாறுகிற ஒளியை ஓவியத்தில் பிடித்தவர் பெர்த் மொரிசோ. 1841இல் பிரான்ஸில் பிறந்தவர்.

அவர் வரைந்ததும் துறைமுகம்தான். ஊர் லோரியான். பெயருக்கே ‘கிழக்கு’ என்று பொருள். 1666இல் பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்காக உருவான ஊர் அது. பாண்டிச்சேரியில் ஏற்றிய சோழமண்டலக் கரைத் துணிகள் அங்கே போய் இறங்கின. திருவொற்றியூரின் காலடிப்பேட்டையும், அதே துணி வணிகத்துக்காக ஆங்கிலேய கவர்னர் காலெட் நெசவாளர்களைக் குடிவைத்த இடம்தான். ஆகவே லோரியான் நமக்கு ஒரு வகையில் தெரிந்த ஊர்.

பாரிஸின் அரசுக் கலைப்பள்ளி 1897 வரை பெண்களைச் சேர்க்கவில்லை. பெர்த்தும் அக்கா எட்மாவும் தனியாகத்தான் கற்றார்கள். பெரிய நிலக்காட்சி ஓவியர் கொரோ, வெட்டவெளியில் வரையக் கற்றுக்கொடுத்தார். 1864இல் பாரிஸின் சலோன் கண்காட்சியில் இருவர் படங்களும் இடம்பெற்றன. 1869இல் எட்மா ஒரு கடற்படை அதிகாரியை மணந்து லோரியானுக்குப் போனார். வரைவதையும் விட்டுவிட்டார்.

அந்தக் கோடையில் அக்காவைப் பார்க்கப் போனபோதுதான் பெர்த் அந்தத் துறைமுகப் படத்தை வரைந்தார். பாதிப் படம் தண்ணீர். அதில் வானமும் படகுகளும் கலங்கிக் கிடக்கின்றன. வலப்புறம் கல்சுவரின் மேல் வெள்ளை உடையில், குடை பிடித்து எட்மா உட்கார்ந்திருக்கிறார். முகத்துக்கு நாலைந்து தீற்றல்கள்தான். ஓவியர் மனே மெச்சினார். அவருக்கே படத்தைக் கொடுத்துவிட்டார் பெர்த். இன்று அது வாஷிங்டன் தேசிய கலைக்கூடத்தில் இருக்கிறது.

1874இல் மொனே, ரென்வார், தெகா முதலியோர் நடத்திய முதல் இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சியில் பெர்த்தும் பங்கேற்றார். மொத்தம் எட்டுக் கண்காட்சிகள். 1879இல் மட்டும் அவர் இல்லை. முந்தைய ஆண்டுதான் மகள் பிறந்திருந்தாள். 1895இல் காலமானார். இறப்புச் சான்றிதழில் ‘தொழில் இல்லை’ என்று எழுதினார்கள். முப்பது வருடம் தூரிகையைக் கீழே வைக்காதவரை அப்படி எழுதியதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

அந்தப் படத்தில் என் கண் கப்பல்கள் பக்கம் போவதில்லை. சுவர்மேல் உட்கார்ந்திருக்கும் எட்மாவிடமே நிற்கிறது. ஐந்து வருடத்துக்கு முன்பு தங்கையோடு ஒரே கண்காட்சியில் படம் வைத்தவர் அவர். இப்போது கையில் குடை மட்டும் இருக்கிறது.