கணிதக் கல்வியில் கணிப்பொறியும் எந்திர ஆமையும்

சமபக்க முக்கோணத்தின் ஒவ்வொரு கோணமும் 60 பாகை என்பதைப் படித்த மாணவன், கணிப்பொறித் திரையிலுள்ள ஆமைக்கு ‘100 அலகு முன்செல், 60 பாகை வலப்புறம் திரும்பு’ என மும்முறை ஆணையிடுகிறான். முக்கோணம் தோன்றுவதில்லை, அறுகோணத்தில் பாதியே தோன்றுகிறது. ஆமை திரும்ப வேண்டியது வெளிக்கோண அளவாகிய 120 பாகை. வெளிக்கோணங்களின் கூட்டுத்தொகை 360 பாகை என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்த தேற்றம் இங்கேதான் அவனுக்குத் தேவைப்படுகிறது. விடைத்தாளில் மதிப்பெண்ணைக் குறைக்கும் பிழை, இங்கு அடுத்த முயற்சிக்கு வழிகாட்டுகிறது.

இந்த ஆமைக்கு இடமளித்த லோகோ என்னும் கணிப்பொறி மொழியை 1967-இல் அமெரிக்காவில் வால்லி ஃபர்சீக், சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் உருவாக்கினர். பேப்பர்ட் அதற்கு முன் ஜெனீவாவில் உளவியலறிஞர் ழான் பியாஜேயுடன் பணியாற்றியவர்.

தரையில் ஓடும் எந்திரம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. 7 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 22 செ.மீ. செல்லும், ஆகவே 110 செ.மீ. கடக்க ஐந்து சுற்றுகள் வேண்டும். எந்திரமோ சற்று முன்னதாகவே நின்றுவிடக்கூடும். சக்கரம் வழுக்கியதா, விட்டத்தை அளந்ததில் தவறா என்று மாணாக்கர் மீண்டும் மீண்டும் அளந்து சராசரி காண்கின்றனர். விகிதமும் அளவீட்டுப் பிழையும் இவ்வாறு கைக்கு எட்டும் பொருளாகின்றன.

எனினும், கருவி தானே கற்பித்துவிடும் என்று எண்ணுதல் தவறு. 1980-களில் நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியில் ராய் பீ முதலியோர் நடத்திய ஆய்வுகளில், லோகோ கற்ற சிறுவர் பிற பணிகளைத் திட்டமிடுவதில் தாமாகவே சிறந்து விளங்கியதாகத் தெரியவில்லை. ஆசிரியரின் வழிகாட்டுதல் இன்றியமையாதது.

நம் நாட்டில் 1984-இல் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டம், முதற்கட்டமாக 250 பள்ளிகளுக்குப் பி.பி.சி. மைக்ரோ கணிப்பொறிகளைக் கொண்டுசென்றது. கணிப்பொறியைப் பற்றி அறிவதே அதன் முதன்மை நோக்கம். அதனைக் கொண்டு கணிதம் கற்பது அன்று. 2016 முதல் அடல் புத்தாக்க இயக்கம் பள்ளிகளில் அமைத்துவரும் ஆய்வகங்கள் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணாக்கருக்கு எந்திரவியல் கருவிகளை அளிக்கின்றன. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் நடுநிலை வகுப்புகளில் நிரல் எழுதும் பயிற்சியை வலியுறுத்துகிறது. ஆயினும் ஆய்வகப் பொறுப்பாளர் ஒருவராகவும் கணித ஆசிரியர் வேறொருவராகவும் இருந்து, இருவரும் கலந்து பேசாத பள்ளியில், ஆமை வெறும் விளையாட்டுப் பொருளாகவே நின்றுவிடும். கருவி வாங்க நிதி ஒதுக்குவது எளிது. ஆசிரியரின் கால அட்டவணையில் இரண்டு பாடவேளைகளை ஒதுக்குவதுதான் அரிது!

கணிப்பொறி வந்து சேராத பள்ளியும் காத்திருக்க வேண்டியதில்லை. முற்றத்தில் ஒரு மாணவி ஆமையாக நிற்கலாம். மற்றவர் ஆணையிட, அவள் சுண்ணக்கட்டியால் கோடிட்டுக்கொண்டே நடக்கலாம். 60 பாகை திரும்பினால் முக்கோணம் மூடாது என்பதை அவள் கால்களே காட்டிவிடும்.