வீணையைப் பழுதுக்குக் கொடுக்கும் முன்

(நவராத்திரி கொலு மாலையில் நம் குடியிருப்போர் சங்கக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

என் பேச்சைக் கேட்க யாரும் வரவில்லை, சுண்டலுக்குத்தான் வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அது ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

கொலுப்படிக்குப் பக்கத்தில் பாயில் வைத்திருக்கிறதே, அது எங்கள் வீட்டு வீணை. போன வாரம் மூன்றாம் மாடித் தம்பி தன் கிட்டாரைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து, "அங்கிள், என் கிட்டாரில் விரல் வைக்கிற பலகையில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கு. வீணையில் அலங்காரமெல்லாம் ஓரத்திலேயே இருக்கே, ஏன்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. கிட்டார்க்காரர்கள் முத்துச்சிப்பியை மெல்லிய ரம்பத்தால் அறுத்து, பலகையில் அதே வடிவத்துக்குப் பள்ளம் தோண்டி, பசை வைத்துப் பதிக்கிறார்கள். சுற்றியுள்ள இடுக்கில் அதே மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்து, பலகையோடு மட்டமாகும்வரை தேய்க்கிறார்கள். விரல் தட்டக்கூடாது அல்லவா? மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பதாவது கட்டங்களில் ஒரு புள்ளி, பன்னிரண்டில் இரண்டு புள்ளி. அழகுக்கு அழகு, கைக்கு அடையாளம்.

வீணையில் அது நடக்காது. தண்டியின் இரு பக்கமும் கறுப்பு மெழுகுக் கரை எழுப்பி, அதன்மேல்தான் 24 மெட்டுகளையும் பதிக்கிறார்கள். மெட்டுக்குக் கீழே பள்ளம். அங்கே பூப்போட்டால் யார் பார்ப்பது? அதனால் வேலைப்பாடு முழுவதும் ஓரத்துக்கு வந்துவிட்டது. தண்டியின் விளிம்பு, குடத்தில் மேற்பலகை சேரும் வட்டம், யாளி முகத்துக்குக் கீழே உள்ள பட்டை, இவைதான் இடம். தஞ்சாவூரில் இதை நகாசு வேலை என்பார்கள்.

பாகூரிலிருந்து கடலூர் போய்ப் பண்ருட்டிப் பக்கம் திரும்பினால் நமக்குப் பலாப்பழம்தான் ஞாபகம் வரும். தஞ்சாவூர் வீணைக்குப் பலா மரம் போவதும் அந்தப் பக்கத்திலிருந்துதான். ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாந்த வீணை, தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. 2013-ல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இது பத்திரிகையில் எல்லோரும் படித்ததுதான். நான் சொல்ல வந்தது வேறு.

இந்த வீணை என் மாமியாருடையது. நாங்கள் இந்த அடுக்ககத்துக்கு வந்த முதல் கோடையில் இடமில்லாமல் மேற்குப் பார்த்த பால்கனிக் கதவோரம் வைத்தோம். சாயங்கால வெயில் நேராக விழுகிற இடம். வீணை மெழுகு என்பது தேன்மெழுகு, குங்கிலியம், கரித்தூள் சேர்ந்தது. சூடு ஏறினால் இளகும். சித்திரை முடிவதற்குள் ஏழெட்டு மெட்டுகள் சாய்ந்து, சுருதி கெட்டுவிட்டது. மெழுகை எடுத்துவிட்டு மறுபடி மேளம் கட்ட வேண்டும். அருகில் ஒரு ஊரில் பழுது பார்ப்பவர் இருக்கிறார் என்றார்கள், கொண்டுபோய்க் கொடுத்தேன். "எல்லாம் சரி பண்ணித் தந்துடறேன் சார்" என்றார். சரி என்று வந்துவிட்டேன்.

முப்பத்து நாலு வருஷம் வங்கியில் இருந்தவன் நான். நகைக் கடனுக்கு ஒருவர் ஒரு ஜோடி தோடு கொண்டுவந்தால்கூட எண்ணிக்கை எழுதி, எடை போட்டு, கல்லுக்குக் கழித்து, அவர் எதிரிலேயே கையெழுத்து வாங்காமல் பெட்டகத்துக்குள் போகாது. அதே ஆள், மாமியார் வீணையைத் துண்டுச் சீட்டுகூட இல்லாமல் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. மேளம் நன்றாகவே கட்டியிருந்தார், குறை சொல்ல முடியாது. ஆனால் ஓரமெல்லாம் பளபளவென்று புது வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டை. என் மனைவி தண்டியின் பக்கவாட்டில் விரலை ஓட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினாள். அங்கே ஒரு கிளி இருந்ததாம். சின்ன வயதில் அம்மா வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அதன் கண்ணை நகத்தால் சுரண்டி, கறுப்பு மை போன பிறகும் சுரண்டுவாளாம். "பழைய பட்டை எங்கே?" என்று போன் செய்து கேட்டேன். "மஞ்சளாப் போச்சு சார், தூக்கிப் போட்டாச்சு" என்றார். அவர் கணக்கில் அது உபகாரம்.

அந்தப் பட்டை தந்தமா, எலும்பா, மான் கொம்பா என்று இனிமேல் பார்க்க வழியில்லை. ஒரு காலத்தில் தந்தம்தான் வழக்கம். நம் நாட்டு யானைத் தந்த வியாபாரம் 1986 சட்டத் திருத்தத்தோடும், ஆப்பிரிக்கத் தந்த வியாபாரம் 1991 திருத்தத்தோடும் நின்றது. மான் கொம்பையும் விற்க முடியாது. அதற்குப் பிறகு பிளாஸ்டிக் வந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. ஒரு பூவுக்காக யானை சாக வேண்டாம். ஆனால் உங்கள் வீட்டுப் பழைய வீணையைப் பார்த்து யாராவது "பட்டைக்குத் தனியாக விலை தருகிறேன்" என்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். விற்பது குற்றம். வைத்திருப்பதற்குச் சான்று வேண்டுமா என்பதை வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நகை மதிப்பீட்டாளர் வைத்திருக்கும் பூதக்கண்ணாடி போதும்: எலும்பில் பொடிப்பொடிக் கறும்புள்ளிகள் தெரியும், பிளாஸ்டிக் ஒரே சீராக இருக்கும், தந்தத்தைக் குறுக்கே வெட்டிய முகத்தில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிப் போகும். ஊசியைச் சூடாக்கிக் குத்திப் பார்க்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள், பொருள் கெடும்.

பிறகு தஞ்சாவூர் போனோம். ஒரு பட்டறையில் பெரியவர் ஒருவர் வெறும் வெள்ளைப் பட்டையை ஒட்டி, சிற்றுளியால் கோடு கீறி, கீறலில் வண்ணம் தேய்த்து, மேலே துடைத்தெடுத்துக்கொண்டிருந்தார். கீறலுக்குள் போனது மட்டும் நிற்கிறது. என் மனைவி ஒரு காகிதத்தில் கிளி வரைந்து காட்டினாள். அவளுக்கு வரைய வராது. "வாத்து மாதிரி இருக்கும்மா" என்றார் அவர். கழுத்து இன்னும் வளையணும், வால் இவ்வளவு நீளமில்லை என்று இவள் சொல்லச் சொல்ல, தண்டியில் அந்த ஒரு பட்டையை மட்டும் மாற்றிக் கீறித் தந்தார். மற்றதைத் தொட வேண்டாம் என்றுவிட்டோம்.

இப்போது வீணை உள் அறையில் கிழக்குச் சுவரோரம் படுக்கையாக இருக்கிறது, மேலே பருத்தித் துணி. பழுதுக்குக் கொடுப்பவர்களுக்காக ஒரு சீட்டு மாதிரி எழுதி வைத்திருக்கிறேன்: எத்தனை மெட்டு, எத்தனை பிரடை, எந்தப் பட்டையில் என்ன பூ, கழற்றும் எதையும் பையில் போட்டுத் திருப்பித் தர வேண்டும் என்ற வரி, கீழே இருவர் கையெழுத்து, கூட நாலு பக்கப் போட்டோ. வேண்டியவர்கள் என்னிடம் வாங்கிக்கொள்ளலாம். கிட்டாருக்கும் அதே சீட்டு பொருந்தும் தம்பி.

போகும்போது கிளியைப் பார்த்துவிட்டுப் போங்கள். இது யாளியைப் பார்க்கிறது. பழையது குடத்தைப் பார்த்ததாம், நேற்றுத்தான் சொன்னாள்.