நடுவர் உரோசர் திரெய்னர்

(படிப்பகத் திங்கட்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற திங்கள் இதே மன்றில் நடுவுநிலைமை பற்றி யான் உரைத்தபோது, பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞர் எழுந்து, “ஐயா, தேர்க்காலில் மகனைக் கிடத்திய சோழனை விட்டால் உங்களுக்கு வேறு ஆளே இல்லையா?” என்று வினவினார். அவையினர் நகைத்தனர், யானும் நகைத்தேன். ஆயினும் வினா நேரிய வினாவே. அதற்கு விடையாகவே இன்று, கடல்கடந்த நாட்டில் முப்பதாண்டுக் காலம் முறைமன்றத்தில் அமர்ந்திருந்த ஒருவரைப் பற்றிப் பேச வந்துள்ளேன். அவர் பெயர் உரோசர் திரெய்னர். அமெரிக்க ஒன்றிய நாடுகளுள் ஒன்றாகிய கலிபோர்னியா மாநிலத்தின் மீயுயர் முறைமன்ற நடுவராய் 1940 முதல் 1970 வரை விளங்கியவர். நாளிதழ்கள் ‘உச்ச நீதிமன்றம்’ என்று எழுதுவதையே யான் மீயுயர் முறைமன்றம் என்கின்றேன், மருள வேண்டா.

அந்நாட்டு அமைப்பை ஒருவாறு அறிந்துகொண்டாலன்றி அவருடைய பணியின் அளவு விளங்காது. அங்கே ஒவ்வொரு மாநிலத்திற்கும் தனித்தனி மீயுயர் மன்றம் உண்டு. வாசிங்டனில் உள்ளது ஒன்றிய முழுமைக்குமான மன்றம். ஆயினும் உடன்படிக்கை, உடலுக்கு நேரும் ஊறு, மணவிலக்கு முதலாய அன்றாட வாழ்க்கை வழக்குகளில் பெரும்பாலும் மாநில மன்றம் சொல்வதே முடிந்த முடிபு. ஏழை ஒருவனுடைய வழக்கு அங்கேயே முடிந்துவிடுவதுதான் மிகுதி.

திரெய்னர் 1900-இல் யூட்டா மாநிலத்துப் பார்க்கு சிட்டி என்னும் சுரங்க ஊரிற் பிறந்தவர். பெற்றோர் அயர்லாந்திலிருந்து குடியேறியவர்கள். பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற் பயின்று, அரசியல் நூலில் முனைவர் பட்டமும் சட்டப் பட்டமும் பெற்று, அங்கேயே சட்டப் பேராசிரியரானார். வரிச்சட்டத்தில் தேர்ந்தவர். 1940-இல் ஆளுநர் ஓல்சன் முதலில் நடுவராக்க விழைந்தது இவரையன்று. இவருடன் பணியாற்றிய மாக்சு இராடின் என்னும் பேராசிரியரையே. தகுதி ஆயும் குழு இராடினை ஏற்க மறுத்தது. அதன் பின்னரே இவர் பெயர் முன்வைக்கப்பெற்றது. இவர் கறுப்பங்கி அணிந்து வழக்காடிப் பெயர்பெற்றவர் அல்லர், கரும்பலகைமுன் நின்றவர். ஆசிரியர் ஒருவர் அவ்வாறு சென்று அமர்ந்தார் என்பதில் எனக்குச் சிறிது பெருமிதம் உண்டென்பதை மறைப்பானேன்?

1944-இல் ஒரு வழக்கு வந்தது. உண்டிச்சாலையிற் பரிமாறும் பெண்ணொருத்தி கொக்கோ கோலாப் புட்டிகளைக் குளிர்பெட்டியுள் அடுக்கிக்கொண்டிருந்தாள். மூன்றை வைத்துவிட்டாள். நான்காவதை எடுத்து ஒன்றரை அடி நகர்த்துவதற்குள் அது கையிலேயே வெடித்தது. உள்ளங்கையில் ஐந்து விரற்கிடை நீளம் பிளந்து குருதிக் குழாய்களும் நரம்புகளும் தசைகளும் அறுபட்டன. யார் பொறுப்பு? பழைய சட்டப்படி, புட்டியை நிரப்பிய நிறுவனம் விழிப்பின்றி நடந்தது என்பதை அவள் மெய்ப்பிக்க வேண்டும். தொழிற்சாலைக்குள் காலடி வைத்தறியாத பெண் அதனை எவ்வாறு மெய்ப்பிப்பாள்? ஏனைய நடுவர்கள், நிகழ்ச்சியே விழிப்பின்மையைக் காட்டுகின்றது எனக் கொண்டு அவள் பக்கம் தீர்த்தனர். திரெய்னர் அம்முடிவை ஏற்றார், கரணியத்தை ஏற்கவில்லை. தனியே ஒரு தீர்ப்பெழுதினார். பழுதுற்ற பொருளைச் சந்தைக்கு அனுப்பியவன், விழிப்பாயிருந்தாலும் இல்லாவிட்டாலும், அதனால் விளைந்த ஊற்றுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்றார். ஆக்குவோன் இடரை முன்னறிய வல்லவன். இழப்பீட்டுச் செலவை விலையிற் சேர்த்துப் பலர்மேற் பரப்ப வல்லவன். வாங்குவோனோ விளம்பரத்தை நம்புவதன்றிப் பொருளைப் பிரித்துப் பார்க்கவும் இயலாதவன். இவ்வளவும் அன்று அவர் ஒருவர் கருத்தே. உடன் கையெழுத்திட ஒருவரும் இலர்.

அவர் காத்திருந்தார். 1963-இல் கிரீன்மன் என்பாருடைய வழக்கு வந்தது. அறுக்கவும் துளையிடவும் கடையவும் உதவும் பல்பயன் பொறியொன்றை மனைவி அவருக்குப் பரிசளித்திருந்தார். கடைசல் வேலையின்போது மரத்துண்டு தெறித்து அவருடைய நெற்றியைத் தாக்கியது. உறுதிமொழிச் சட்டப்படி உரிய காலத்தில் அவர் முறையிடவில்லை என்று ஆக்கிய நிறுவனம் வாதாடிற்று. திரெய்னர் இம்முறை மன்றத்தார் அனைவரும் ஒருமுகமாய் இசையத் தீர்ப்பெழுதினார். வணிகர்க்கிடையே எழுந்த அறிவிப்பு விதி, அதனை அறியாத எளியவனுக்குக் கண்ணியாகிவிடும் என்றார்; பழுதுற்ற பொருளுக்கு ஆக்குவோனே பொறுப்பு என்றார். அறங்கூறாயத்தார் அளித்த 65,000 தாலர் இழப்பீடு நிலைபெற்றது. சில ஆண்டுகளில் அமெரிக்க மாநிலங்கள் பெரும்பாலானவற்றில் அந்நெறி பரவியது. நம் நாட்டில் பொருட்பொறுப்பு பற்றித் தனி இயல் ஒன்று நுகர்வோர் காப்புச் சட்டத்திற் சேர்ந்தது 2019-இல்தான் என்பதையும் உடன் எண்ணிப் பார்க்கலாம்.

இனி, யான் பெரிதும் போற்றும் தீர்ப்புக்கு வருகின்றேன். ஆந்திரியா பெரெசு என்பவள் மெக்சிக்க வழிவந்த பெண். அந்நாட்டுச் சட்டக் கணக்கில் வெள்ளையள். சில்வெசுட்டர் தேவிசு கறுப்பினத்து இளைஞர். இருவரும் கத்தோலிக்கர். மணம் புரிய விழைந்து 1947-இல் இலாசு ஏஞ்சலிசு மாவட்ட அலுவலகத்தில் உரிமச்சீட்டுக் கேட்டனர். எழுத்தர் மறுத்தார். வெள்ளையர், கறுப்பினத்தாரையோ மங்கோலியரையோ மலாயரையோ கலப்பினத்தாரையோ மணத்தல் ஆகாதென்பது சட்டம். 1850 தொட்டு, மாநிலம் தோன்றிய நாள் முதலாகவே இத்தகைய தடை அங்கிருந்தது. அந்நாளில் ஏறத்தாழ 30 மாநிலங்களில் இவ்வாறே. தடை செல்லும் என்று பல மன்றங்கள் வழிவழியாய்த் தீர்த்திருந்தன.

1948 அத்தோபர் முதல் நாள் தீர்ப்பு வந்தது. எழுவருள் நால்வர் ஒருபால், மூவர் மறுபால். தலைமைத் தீர்ப்பு திரெய்னருடையது. அவர் அச்சட்டத்தை இரு வழியில் தகர்த்தார். முதலாவது, மண உரிமை தனி மாந்தனுக்கு உரியது, இனக்கூட்டத்திற்கு உரியதன்று. தொடர்வண்டியில் ஓரிடம் மறுத்தால் வேறோர் இடம் தேடிக்கொள்ளலாம். நெஞ்சு கலந்த ஒருத்தியை மறுத்துவிட்டு வேறொருத்தியைக் கொள் என்பது மாந்தரை வண்டிகளைப் போல் ஒன்றுக்கொன்று மாற்றாகக் கருதுவதாம் என்னும் கருத்துப்பட எழுதினார். இரண்டாவது, சட்டத்தின் சொல்லே தெளிவில்லாதது. கலப்பினத்தார் என்பவர் யார்? பாட்டனுக்குப் பாட்டன் கறுப்பராயின் பேரன் கலப்பினத்தானா? எத்துணைப் பங்கு குருதி? சட்டம் வாய்திறக்கவில்லை. எழுத்தர் முகத்தைப் பார்த்து முடிவுகட்ட வேண்டியதுதான்! பொருள் வரையறையில்லாத ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இருவருடைய வாழ்வைத் தடுப்பதா என்று கேட்டார். இலக்கணம் பயின்ற நமக்கு அக்கேள்வியின் கூர்மை நன்கு விளங்கும்.

வாசிங்டன் மன்றம் இதே முடிவுக்கு வந்தது 1967-இல். பத்தொன்பது ஆண்டு கழித்து.

திரெய்னர் தவறாதவர் என்று யான் கூற வரவில்லை. 1942-இல், காவல்துறை முறைகெட்டுத் திரட்டிய சான்றையும் மன்றம் ஏற்கலாம் என்று எழுதியவரும் இவரே. 1955-இல் ஒரு பந்தயச் சூது வழக்கு வந்தது. காவலர் பிறர் வீட்டுள் புகுந்து ஒலிவாங்கிகளை மறைத்துவைத்து உளவு கேட்டிருந்தனர். காவலரைத் திருத்தும் பிற வழிகள் யாவும் பயனற்றுப் போனதைக் கண்ட திரெய்னர், தம் பழைய கருத்தைத் தாமே கைவிட்டு, அத்தகைய சான்றை மன்றம் ஏற்காது என்று தீர்ப்பெழுதினார். இதுவும் நால்வருக்கு மூவர் என்னும் கணக்கிலேயே நின்றது.

இதைப் படித்தபோது எனக்குப் பழைய நிகழ்ச்சியொன்று நினைவுக்கு வந்து உறுத்தியது. பல்லாண்டுக்கு முன் மாணாக்கன் ஒருவன் எழுதிய புணர்ச்சி விளக்கத்தைப் பிழையென்று அடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து நூலைப் புரட்டினேன். அவன் எழுதியதே செம்மை. மறுநாள் வகுப்பில் அதனைச் சொல்ல நா எழவில்லை. மதிப்பெண்ணை மட்டும் அமைதியாய்த் திருத்தி வைத்தேன். முப்பது பிள்ளைகள் முன் எனக்கு இயலாததை அவர் ஒரு மாநிலத்தின் முன் செய்தார்.

மணவிலக்கு, அரசு மருத்துவமனைப் பொறுப்பு முதலாயவற்றில் அவர் எழுதியனவற்றை விரிப்பிற் பெருகும். 1964-இல் தலைமை நடுவரானார். 1968-இல் எழுதிய ஒரு தீர்ப்பை மட்டும் சொல்லி அமைகின்றேன். மின்னாக்க நிறுவனமொன்றின் நீராவிச் சுழலிக்கு மேல்மூடி மாற்றும் உடன்படிக்கை. மூடி விழுந்து சுழலியின் உள்ளுறுப்புச் சிதைந்தது. சேதம் 25,000 தாலருக்கு மேல். பொருட்சேதம் அனைத்தையும் ஒப்பந்தக்காரர் ஈடுசெய்வார் என்பது எழுத்து. அச்சொல் பிறர் பொருளையே குறித்தது, நிறுவனத்தின் பொருளையன்று என்பதற்குச் சான்று காட்ட அவர் முன்வந்தார், கீழ்மன்றம் மறுத்தது. திரெய்னர், சொல்லுக்குத் தன்னிலே நின்று மாறாத பொருளில்லை, இருசாரார் கருத்தறியச் சான்றைக் கேட்க என்றார்.

தொல்காப்பியர் பலபொருள் ஒருசொல்லுக்கு வினையும் இனமும் சார்புமே பொருள் காட்டும் என்றதை நீவிர் அறிவீர். மா பூத்தது என்றால் மரம். மா ஓடிற்று என்றால் குதிரை. அவ்வளவில் திரெய்னர் நம் ஆசிரியர் பக்கமே. ஆயினும் எனக்கு ஓர் ஐயம் உண்டு. எழுதியதே துணையென்று நம்பிக் கையெழுத்திட்ட எளியவன், பின்னர் வலியவன் கொணரும் சான்றுகளின்முன் என் செய்வான்? 1988-இல் கூட்டரசு மேன்முறையீட்டு நடுவர் ஒருவரும் இத்தீர்ப்பைக் கடுமையாய்க் குறைகூறினார். குறைகூறிக்கொண்டே, கலிபோர்னியாச் சட்டம் இதுவாதலின், இதன்படியே தீர்க்கவும் செய்தார். இளைஞர்கள் இதுபற்றி இன்று கேள்வி கேட்கலாம். எனக்கே முடிவான விடை தெரியவில்லை.

1970-இல் திரெய்னர் மன்றத்திலிருந்து விலகினார். 1983-இல் பெர்க்கிலியில் மறைந்தார். இவ்வளவே யான் சொல்ல வந்தது.