காரின் பின் கதவுக்குள்ளே



காரின் பின் கதவைப் பற்றிப் பேசப் போகிறேன். "கதவைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?" என்று சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நம் காக்ஸ் டவுனில் டாக்ஸி ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர்? ஒர்க் ஷாப்பில் கைவேலை பழகும் பையன்கள் எத்தனை பேர்? இரவு வேலை முடிந்து கம்பெனி காரில் வீடு திரும்பும் பெண்கள் எத்தனை பேர்? இவர்கள் எல்லோருக்கும் அந்தக் கதவோடு சம்பந்தம் உண்டு.

டாக்ஸியில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் எந்தக் கதவைத் திறக்கிறார்கள்? பின்னால், இடது பக்கம் உள்ள கதவைத்தான். ஓட்டுநர் அந்தக் கதவைத் தொடுவதே இல்லை. தொடுகிறவர்கள் எல்லோரும் புது ஆட்கள். ஓங்கி அடிப்பார்கள். கண்ணாடி ஹேண்டிலை எதிர்ப் பக்கம் சுற்றுவார்கள். அதனால் அந்தக் கதவுதான் சீக்கிரம் கெடுகிறது.

ஒரு காலத்தில் நம் ரோடுகளில் பெரும்பாலும் அம்பாசிடரும் பியட்டும்தான் ஓடின. 1983 டிசம்பரில் மாருதி 800 விற்பனைக்கு வந்தது. சின்னக் கார். மெல்லிய தகடு. அம்பாசிடர் கதவை அடித்தால் 'தொம்' என்று கேட்கும். மாருதி கதவு 'டப்' என்று கேட்கும். இரண்டு கார்களும் 2014-ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுவிட்டன. ஆனால் கதவுக்குள் இருக்கும் சாமான்களின் வேலை பெரிதாக மாறவில்லை. ஒரு கதவைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தால், மற்ற கதவு பயம் காட்டாது.

கதவு என்பது இரண்டு தகடுகள். வெளியே ஒன்று. உள்ளே ஒன்று. நடுவில் வெற்றிடம். அந்த இடத்தில்தான் கண்ணாடி இறங்கி உட்காருகிறது. கண்ணாடியை ஏற்றி இறக்கும் சாமானை நம் ஆட்கள் 'கண்ணாடி மெஷின்' என்பார்கள். கதவின் ஓரத்தில் லாக் இருக்கிறது. லாக்கில் இருந்து மெல்லிய கம்பிகள் போகின்றன. ஒரு கம்பி உள் ஹேண்டிலுக்குப் போகும். ஒன்று வெளி ஹேண்டிலுக்குப் போகும். ஒன்று பூட்டும் குமிழுக்குப் போகும். இவ்வளவுதான். இதை எல்லாம் மறைத்து, உள்ளே நம் கை படும் பக்கத்தில் ஒரு அட்டை இருக்கிறது. அதுதான் டோர் பேட்.

சரி, கழற்றுவோம்.

முதலில் சட்டைக் கையை இறக்கிவிடுங்கள். கையுறை இருந்தால் போடுங்கள். உள் தகட்டின் ஓரங்கள் பிளேடு மாதிரி இருக்கும். உள்ளே கையை விடும்போது தெரியாது. வெளியே எடுக்கும்போதுதான் கிழிக்கும். "எனக்குப் பழக்கம்" என்று வெறும் கையை விடும் மெக்கானிக்குகளின் மணிக்கட்டைப் பாருங்கள். கோடு கோடாகத் தழும்பு இருக்கும். அது திறமைக்கு அடையாளம் என்று நான் நினைக்கவில்லை.

பவர் விண்டோ உள்ள கார் என்றால், பேட்டரியின் மைனஸ் வயரை முதலில் கழற்றுங்கள். கை உள்ளே இருக்கும்போது யாராவது சுவிட்சை அழுத்தினால் விரல் நசுங்கும்.

பழைய மாருதி மாதிரி கையால் சுற்றும் கண்ணாடி என்றால், அந்த ஹேண்டிலைக் கழற்ற வேண்டும். அதில் ஸ்க்ரூவைத் தேடாதீர்கள். பின்னால் குதிரை லாடம் போல ஒரு கம்பி கிளிப் இருக்கும். அதை எடுக்க ஒரு பழைய துணிக் கீற்று போதும். ஹேண்டிலுக்கும் பேடுக்கும் நடுவே துணியை நுழையுங்கள். இரண்டு முனையையும் பிடித்து, ஷூவுக்குப் பாலிஷ் போடுவது போல இழுங்கள். கிளிப் வெளியே வந்துவிடும். துள்ளி விழும். இன்னொருவரைக் கையால் மறைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். கழற்றும் முன் ஹேண்டில் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று ஒரு நோட்டில் வரைந்து கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது கிளிப்பை முதலில் ஹேண்டிலில் போட்டு, பிறகு அழுத்தினால் போதும். 'டிக்' என்று உட்காரும்.

அடுத்து கைப்பிடியின் ஸ்க்ரூக்கள். பிறகு உள் ஹேண்டிலைச் சுற்றியுள்ள மூடி. அதன் ஸ்க்ரூ ஒரு சின்ன மூடிக்குள் ஒளிந்திருக்கும். எல்லாம் கழன்ற பிறகு டோர் பேடைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கிளிப்களை விடுவிக்க வேண்டும். கிளிப்புக்கு மிக அருகில் தட்டையான கருவியை விட்டு நெம்புங்கள். தள்ளி நெம்பினால் அட்டை கிழியும். கடைசியில் பேடைச் சற்று மேலே தூக்குங்கள். கையோடு வந்துவிடும். வரவில்லை என்றால் இழுக்காதீர்கள். எங்கோ ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது என்ன தெரிகிறது? தகட்டின் மேல் ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் தாள். பார்த்தால் குப்பை மாதிரி இருக்கும். பலர் அதைக் கிழித்து எறிந்துவிடுகிறார்கள். ஒர்க் ஷாப்களில் எனக்கு மிகவும் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

அந்தத் தாள் எதற்கு? கேளுங்கள். மழை பெய்தால் கண்ணாடியின் மேல் தண்ணீர் வழிகிறது. கண்ணாடி ஓரம் ரப்பர் பீடிங் இருக்கிறது. அது எல்லாத் தண்ணீரையும் தடுக்காது. கொஞ்சம் தண்ணீர் கதவுக்குள் போகத்தான் செய்யும். அப்படித்தான் செய்திருக்கிறார்கள். உள்ளே போன தண்ணீர் வெளியேறக் கதவின் அடியில் ஓட்டைகள் விட்டிருக்கிறார்கள். பிளாஸ்டிக் தாள் அந்தத் தண்ணீரை நம் பக்கம் வராமல் தடுக்கிறது. தாள் போனால் டோர் பேட் அட்டை ஊறும். வளையும். கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட் நனையும். வண்டியில் பூஞ்சை நாற்றம் வரும். வாடிக்கையாளர் மூக்கைப் பொத்துவார்.

அதனால் தாளை மெதுவாக உரியுங்கள். தூசி படாமல் வையுங்கள். கிழிந்திருந்தால் கனமான பாலிதீன் தாளை அதே அளவுக்கு வெட்டி ஒட்டுங்கள். அதன் அடி ஓரம் கதவுக்குள் போகும்படி இருக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் உள்ளேயே விழும்.

அடியில் உள்ள ஓட்டைகளையும் பாருங்கள். நம் பெங்களூரில் தெருவெல்லாம் தூங்குமூஞ்சி மரம். அதன் சின்ன இலைகள் பீடிங் வழியாக உள்ளே விழும். மண்ணோடு சேர்ந்து ஓட்டையை அடைக்கும். தண்ணீர் தேங்கும். தகடு உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பெயிண்ட் கொப்பளிக்கும்போது உள்ளே தகடு பாதி போயிருக்கும். டிங்கர் வேலைக்கு ஆயிரக்கணக்கில் செலவாகும். ஒரு தென்னை ஈர்க்குச்சி இருந்தால் ஓட்டையைக் குத்திச் சுத்தம் செய்யலாம். செலவே இல்லை.

இனி கண்ணாடி மெஷின். கண்ணாடி ஏறவில்லை, ஒரு பக்கமாகச் சாய்கிறது, சுற்றினால் சும்மா சுற்றுகிறது என்றால் மெஷின் போயிருக்கும். சிலவற்றில் கத்தரிக்கோல் போலக் கை இருக்கும். சிலவற்றில் ஒயர் கயிறு ஓடும். கயிறு அறுந்தால் முடிச்சுப் போட்டு ஓட்டும் வழக்கம் உண்டு. அது நிற்காது. மெஷினையே மாற்றுங்கள்.

மெஷினின் போல்ட்டைத் தொடும் முன் கண்ணாடியை மேலே ஏற்றி, அது விழாமல் பலமான டேப்பால் கதவுச் சட்டத்தோடு ஒட்டுங்கள். இல்லை என்றால் கத்தி விழுவது போல உள்ளே விழும். பக்கக் கண்ணாடி பதப்படுத்திய கண்ணாடி. நடுவில் குத்தினாலும் தாங்கும். ஆனால் ஓரத்தில் சின்ன அடி பட்டால், முழுவதும் பொரி பொரியாக உதிரும். அதனால் கழற்றிய கண்ணாடியைச் சிமெண்ட் தரையில் நிறுத்தக் கூடாது. அட்டையின் மேல், துணியின் மேல் வையுங்கள். கண்ணாடி ஓடும் ரப்பர் பாதையில் என்ஜின் ஆயில் விடாதீர்கள். ரப்பர் ஊதிக் கெடும். சிலிகான் ஸ்பிரே போதும்.

புது சாமான் வாங்க எங்கே போவீர்கள்? புதியது என்றால் ஜே.சி. ரோடு. பழையது என்றால் சிவாஜி நகர் குஜரி. சென்னையில் இருப்பவர்கள் புதுப்பேட்டைக்குப் போவார்கள். எங்கே போனாலும் இங்கேதான் படிப்பு கை கொடுக்கும்.

இடது கதவு மெஷின் வலது கதவுக்குப் பொருந்தாது. முன் கதவு மெஷின் பின் கதவுக்குப் பொருந்தாது. பெட்டியின் மேல் 'ஆர்.எச்.' என்றால் வலது. 'எல்.எச்.' என்றால் இடது. யாருடைய வலது? வண்டிக்குள் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தவரின் வலது. வண்டிக்கு முன்னால் நின்று பார்த்தால் மாறிப் போகும். பழைய சாமானின் மேல் ஒரு எண் அச்சடித்திருக்கும். அதை அப்படியே தாளில் எழுதிக் கொண்டு போங்கள். கடைக்காரர் தரும் பெட்டியில் அதே எண் இருக்கிறதா என்று நீங்களே படியுங்கள். பில்லிலும் அந்தப் பெயரும் எண்ணும் இருக்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாத பையனை அனுப்பினால், பஸ்ஸுக்கு இரண்டு முறை செலவு. அன்றைய கூலியும் போகும்.

இப்போது லாக்குக்கு வருவோம். கதவு ஓரத்தில் பெரும்பாலும் மூன்று ஸ்க்ரூக்கள் லாக்கைப் பிடித்திருக்கும். அவை மிக இறுக்கமாக இருக்கும். சரியான அளவு ஸ்க்ரூ டிரைவரை அழுத்திப் பிடித்துத் திருப்புங்கள். சின்ன ஸ்க்ரூ டிரைவரால் முயன்றால் தலை மழுங்கிவிடும். பிறகு டிரில் போட வேண்டியதுதான். கம்பிகளைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்களைத் திருப்பி விடுங்கள். இழுத்து உடைக்காதீர்கள். எந்தக் கம்பி எந்த ஓட்டையில் இருந்தது என்று மறக்காமல் வரைந்து கொள்ளுங்கள். செல்போன் இருந்தால் போட்டோ எடுங்கள்.

பின் கதவு லாக்கில் முன் கதவில் இல்லாத ஒன்று உண்டு. கதவைத் திறந்தால் அதன் ஓரத்தில் ஒரு குட்டி நெம்புகோல் தெரியும். அதுதான் சைல்டு லாக். குழந்தைகளுக்காக வைத்தது. அதைத் தள்ளிவிட்டால் உள் ஹேண்டில் வேலை செய்யாது. எவ்வளவு இழுத்தாலும் கதவு திறக்காது. வெளியே இருந்துதான் திறக்க முடியும். ஓடும் வண்டியில் குழந்தை கதவைத் திறந்து விழாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு.

ஆனால் டாக்ஸியில்? பின்னால் தனியாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். ஓட்டுநர் கெட்டவன். வண்டி வழி மாறிப் போகிறது. சிக்னலில் நிற்கும்போது அவள் இறங்கப் பார்க்கிறாள். கதவு திறக்கவில்லை. நினைத்துப் பாருங்கள். வண்டியில் தீப்பிடித்தாலும் இதே கதைதான்.

அதனால்தான் 2019 ஜூலை 1 முதல் வாடகைக் கார்களில் சைல்டு லாக் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு விதி செய்தது. மஞ்சள் போர்டு வண்டியின் பின் கதவு லாக்கை மாற்றுகிறீர்களா? குஜரியில் வாங்கும் பழைய லாக் பெரும்பாலும் சொந்தக் காரில் இருந்து கழற்றியதாக இருக்கும். அதில் சைல்டு லாக் இருக்கும். பார்த்து வாங்குங்கள். மாட்டிக் கொடுத்தது நீங்கள் என்றால் பொறுப்பும் உங்களுடையது. அக்கா தங்கைகளே, டாக்ஸியில் ஏறும்போது அந்த நெம்புகோல் இருக்கிறதா என்று ஒரு கணம் பாருங்கள். கதவைச் சாத்தியதும், வண்டி நகரும் முன் உள் ஹேண்டிலை இழுத்துப் பாருங்கள். பூட்டியிருந்தால் திறக்கச் சொல்லிவிட்டு இழுங்கள். ஓட்டுநர் கோபித்தால் கோபிக்கட்டும்.

லாக்கை மாட்டியதும் ஆசையாகக் கதவை அடித்துச் சாத்தக் கூடாது. இதை இரண்டு முறை சொல்கிறேன். சாத்தக் கூடாது. ஏன்? கம்பி ஒன்று சரியாக மாட்டவில்லை என்று வையுங்கள். கதவு சாத்திக் கொள்ளும். திறக்காது. ஸ்க்ரூக்கள் எல்லாம் கதவின் ஓரத்தில் இருக்கின்றன. சாத்திய கதவில் அவற்றைத் தொடவே முடியாது. அரை மணி நேர வேலை அரை நாள் வேலையாகும்.

கதவு திறந்தே இருக்கட்டும். ஸ்க்ரூ டிரைவரால் லாக்கின் நாக்கைத் தள்ளுங்கள். கதவு சாத்தியது போல அது மடங்கிக் கொள்ளும். இப்போது வெளி ஹேண்டிலை இழுங்கள். நாக்கு விடுபட வேண்டும். மறுபடி தள்ளுங்கள். உள் ஹேண்டிலை இழுங்கள். விடுபட வேண்டும். பூட்டும் குமிழைப் போட்டு இழுங்கள். விடுபடக் கூடாது. சொந்தக் கார் என்றால் சைல்டு லாக்கையும் போட்டுப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால்தான் கதவைச் சாத்தலாம்.

பிறகு தாளை ஒட்டுங்கள். பேடை மேலிருந்து மாட்டி, கிளிப்களைத் தட்டி உட்கார வையுங்கள். உடைந்த கிளிப்புக்குப் புதுசு போடுங்கள். இல்லை என்றால் மேடு பள்ளத்தில் 'கடகட' என்று கேட்டுக் கொண்டே இருக்கும்.

கடைசியாக ஒரு குடம் தண்ணீர் கொண்டு வாருங்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு, அதன் மேல் மெதுவாக ஊற்றுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பார்க்கட்டும். கார்ப்பெட் நனையக் கூடாது. வெளியே குனிந்து கதவின் அடியைப் பாருங்கள். ஓட்டை வழியாகத் தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டினால் வண்டியைக் கொடுத்துவிட்டுக் கூலியை வாங்குங்கள்.

இனி நீங்கள் கேளுங்கள். வெளியே ஒரு வண்டி நிற்கிறது. கேட்டுக் கொண்டே அதன் கதவைக் கழற்றுவோம்.